சொபோட்கா மாளிகையின் இருபத்தெட்டுக் கொக்கிகள்

பிரோடெக் நகரில் லிபுஷெ கலினோவாவிடம் ஒருமுறையேனும் திட்டு வாங்காதவர் ஒருவர் இருந்தால், அவர் வேற்றூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவராகத்தான் இருக்கவேண்டும். 1973 தொடங்கி இருபத்து மூன்று ஆண்டுகள் லிபுஷெ நகராட்சி மழலையர் பள்ளியின் சமையற்காரி. பிள்ளைகள் குறைந்து பள்ளி மூடப்பட்டு, சில ஆண்டுகள் பூட்டிக் கிடந்த அதே கட்டடம் அருங்காட்சியகம் என்று பெயர் சூட்டிக்கொண்ட பிறகு, உள்ளே வருகிறவர்கள் தங்கள் காலணியின்மேல் மாட்டிக்கொள்ளக் கம்பளிச் செருப்பு எடுத்துக் கொடுக்கும் ஊழியர். முன்னர் வாயைப் பார்த்து அதட்டியவர் பின்னர் காலைப் பார்த்து அதட்டினார். வேறு மாற்றம் எதுவும் நிகழவில்லை. ஊரார் அவரை இன்றும் சமையலம்மா என்றே அழைக்கிறார்கள். இதை எழுதுகிற நானும் அவர் ஊற்றிய சூப்பைக் குடித்து வளர்ந்தவன். ஆகையால் என்னிடம் முழு நடுநிலையை எவரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அந்தக் கட்டடம் 1931இல் நெசவாலை முதலாளி சொபோட்கா தமக்கெனக் கட்டிக்கொண்ட மாளிகை. வரைந்தவர் வெண்டெலீன் க்ரூஷ் என்ற கட்டடக் கலைஞர். வெள்ளைச் சுவர், தட்டைக் கூரை, ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடி. ஊரார் அதற்கு வைத்த பெயர் சவர்க்காரப் பெட்டி. முதலாளி பதினேழு ஆண்டுகள் அதில் வெயிலில் வெந்தும் குளிரில் விறைத்தும் வாழ்ந்துவிட்டு, கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்த 1948இல் ஒரே ஒரு பெட்டியுடன் எல்லையைத் தாண்டினார். அவர் விட்டுச்சென்ற எஃகு வளைகுழாய் நாற்காலிகளும் கண்ணாடித் தேநீர்க் குடுவையும் பரணில் ஏறி, அருங்காட்சியகம் ஆனபோதுதான் இறங்கின. அரசு எடுத்துக்கொண்ட வீட்டில் முதலில் கணக்கர்கள் உட்கார்ந்தார்கள். பிறகு மழலையர் உட்கார்ந்தார்கள். இருவருள் மழலையரே வீட்டுக்குக் குறைவான சேதம் விளைவித்தவர்கள்.

லிபுஷெ அங்கே சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. கட்டடக் கலை குறித்த அவரது கருத்து முதல் குளிர்காலத்திலேயே உறுதிப்பட்டுவிட்டது.

"ஆறு மாசம் பனி பெய்யுற ஊர்ல தட்டையா கூரை போட்டவன் ஒரு கட்டடக்காரனா? குளத்தைத் தூக்கித் தலைமேல வெச்சிட்டுப் போயிருக்கான். பனி உருகினா என் மாவு ஜாடியிலதான் ஒழுகுது."

சமையலறைச் சுவர் முழுவதும் பால்வெள்ளைக் கண்ணாடிப் பலகை. இன்று அதன்முன் நின்று வெளிநாட்டார் பெருமூச்சு விடுகிறார்கள். கொழுப்புத் தெறிப்பைப் போக்க அதை வாரந்தோறும் வினிகர் ஊற்றித் தேய்த்த லிபுஷெவும் பெருமூச்சு விட்டதுண்டு, காரணம் வேறு. உணவை மேல்தளத்துக்கு ஏற்றும் சிறு தூக்கி ஒன்றும் இருந்தது. அது 1976ஆம் ஆண்டு மார்ச் மாதம் நூடுல்ஸ் சூப்புடன் இரண்டு தளங்களுக்கு நடுவே நின்றது. சூப்பை மீட்க முடியவில்லை. வாசனை மே மாதம்வரை இருந்தது.

வேலையுடன் அவருக்குக் குடியிருப்பும் கிடைத்தது. பாதி நிலத்துக்குள்ளும் பாதி வெளியிலுமாக அமைந்த கீழ்த்தளத்தில், காவலாளிக்கென்று க்ரூஷ் ஒதுக்கிய இரண்டு அறைகள். கொதிகலன் அடுத்த அறையில் இருந்ததால் அந்த மாளிகையில் உண்மையாகவே கதகதப்பான இடம் அது ஒன்றுதான். முதலாளிக்கு வாய்க்காத சுகம் காவலாளிக்கு வாய்த்திருந்தது. அங்கேதான் அவர் கொதிகலன்காரர் கலினாவை மணந்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, சோவியத் நாட்டில் எரிவாயுக் குழாய் பதிக்கச் சென்ற கலினா, அங்கே ஒரு கிரேன் ஓட்டும் பெண்ணுடன் தங்கிவிட்டார். லிபுஷெ அழுததாக எவரும் சொல்லவில்லை. கொதிகலனைத் தாமே இயக்கக் கற்றுக்கொண்டார். தரைமட்டத்தில் இருந்த சன்னலுக்கு வெளியே நெல்லிச் செடி வைத்தார். கார் நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால் முயல் வளர்த்தார். காளான் ஊறவைத்த ஜாடிகள் ஆண்டுதோறும் பெருகி, இரண்டாவது அறை ஏறக்குறைய ஜாடிகளின் அறையாகிவிட்டது. இவ்வாறு நாற்பத்தோர் ஆண்டுகள்.

இனி, கொக்கிகள். எங்கள் நாட்டில் மழலையர் பள்ளியில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படம் தரப்படும். எழுத்தறியாத பிள்ளை தன் கோட்டையும் துண்டையும் கட்டிலையும் அந்தப் படத்தைக் கொண்டே அறியும். தாய் தந்தையர் வைத்த பெயரை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. பள்ளியில் கிடைத்த படத்தை மறந்தவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. எனக்குக் காளான்.

1974 பிப்ரவரியில் மாவட்ட அலுவலகம் அனுப்பவேண்டிய அச்சுப் படங்கள் வந்துசேரவில்லை. தலைமையாசிரியைக்கு வேறு வேலை இருந்தது. எனவே வேலை சமையற்காரியின் தலையில் விழுந்தது. கீழ்த்தளத்தில், தம் அறைக்கு வெளியே, இருபத்தெட்டுக் கொக்கிகளுக்கு மேல் இருபத்தெட்டுப் படங்களை அவர் தீட்டினார். அவருக்குப் படம் வரையத் தெரியாது. ஆகவே ஊறுகாய் ஜாடி மூடிகளை வைத்து வட்டமிட்டார். அட்டையை வெட்டி முக்கோணம் செய்தார். வாத்து என்பது இரண்டு மூடிகள். குடை என்பது அரை மூடி. வாளி என்பது தலை வெட்டுண்ட முக்கோணம். ஹீட்டருக்கு அடித்ததில் மிஞ்சிய வெண்மஞ்சள், கைப்பிடிக் கம்பியின் கறுப்பு, தரைக்குப் பூசும் பழுப்பு, தீயணைப்புப் படையினர் கொடுத்த சிவப்பு ஆகிய நான்கு வண்ணங்களே இருந்தன. வேலை ஒன்றரை நாளில் முடிந்தது.

நாற்பது ஆண்டுகள் அவற்றை எவரும் ஒரு பொருளாக மதிக்கவில்லை. 2013 ஜூன் மாதத்தில் டாக்டர் யோஸ்ட் டெக்கர் வந்தார்.

டெக்கர் ஹாலந்து நாட்டவர், எங்கள் நாட்டின் நவீனக் கலைப் பொருள்கள் குறித்து ஆராய்கிறவர், உயரமானவர், தூய்மையானவர். எங்கள் மொழியை நூல்களிலிருந்து கற்றவராதலால் நூலைப் போலவே பேசுவார். கம்பளிச் செருப்பை மாட்டிக்கொண்டு மேலே சென்றவர், தேநீர்க் குடுவையின்முன் நாற்பது நிமிடம் அசையாமல் நின்றார். நோயாளியோ என்று லிபுஷெ போய்ப் பார்த்தார்.

"அம்மையீர், இந்நாற்காலியில் எவரேனும் அமர்ந்ததுண்டா?" என்றார் டெக்கர், வளைகுழாய் நாற்காலியைக் காட்டி.

"ஒரு தணிக்கை அதிகாரி உக்காந்தாரு. எந்திரிக்க ரெண்டு ஆள் வேண்டியிருந்துச்சு."

டெக்கர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எதை என்ன பொருளில் எழுதினாரோ தெரியாது. பிறகு கழிப்பறை எங்கே என்று வினவினார். மேல்தளத்துக் கழிப்பறை, க்ரூஷின் குழாய் அமைப்புக்கு உண்மையாக, அன்றும் அடைத்துக்கொண்டிருந்தது. லிபுஷெ கீழே போகச் சொன்னார். போனவர் அரை மணி நேரமாகியும் திரும்பவில்லை. துடைப்பத்துடன் இறங்கிப் பார்த்தால், மனிதர் கொக்கி வரிசையின்முன் மண்டியிட்டிருந்தார்.

"இவற்றை ஆக்கியவர் யார்?" என்றார். லிபுஷெ வாயைத் திறப்பதற்குள் தாமே விடையும் அளித்தார்: "க்ரூஷ். அவரன்றி வேறு எவராக இருக்க இயலும்? உலகம் இதுகாறும் அறியாத க்ரூஷ்."

கேள்வியையும் பதிலையும் ஒரே வாயில் வைத்திருப்பவனுக்கு மூன்றாம் ஆள் எதற்கு என்று எண்ணிய லிபுஷெ, அவரைச் சுற்றித் தரையைத் துடைத்துவிட்டு மேலே போனார்.

அந்த நாளில் லிபுஷெவின் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒரு கடிதம் காந்தத்தால் ஒட்டப்பட்டிருந்தது. கீழ்த்தளத்தை இடித்துக் காப்பிக்கடை அமைக்கவிருப்பதால் அவர் வரும் வசந்தத்துக்குள் அறைகளைக் காலி செய்யவேண்டும். ஊர் எல்லையில் உள்ள அடுக்குமாடிக் கட்டடத்தில் ஏழாவது மாடி அவருக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. கையொப்பம்: அருங்காட்சியக இயக்குநர் ராடெக் ஹோலுப். முயல்களைப் பற்றிக் கடிதம் ஒன்றும் சொல்லவில்லை.

டெக்கர் வந்துபோன மறுவாரம், அதே ஹோலுப் ஒரு சாக்லேட் பெட்டியுடன் கீழே இறங்கி வந்தார். எங்கள் ஊரில் சாக்லேட் பெட்டியுடன் வருகிறவர் மருத்துவரிடம் போகிறார், அல்லது பாவம் செய்திருக்கிறார்.

"யாருக்கு டைரக்டர் சார் பொறந்த நாளு?"

"சும்மாதான் சமையலம்மா. உங்களைப் பார்க்கணும்னு தோணுச்சு."

"பதினோரு வருஷமா தெனமும் மேல கதவுகிட்டதான் உக்காந்திருக்கேன். அங்க தோணலையாக்கும்."

ஹோலுப் உட்கார்ந்தார். ஜாடிகளைப் பார்த்தார். "அந்த ஹாலந்துக்காரர்கிட்ட நீங்க எதுவும் சொல்லிடலையே?"

"அவரு எங்க சொல்ல விட்டாரு? நான் துடைப்பத்தோட நின்னேன். அவ்வளவுதான்."

"அப்படியே நில்லுங்க. அவர் கட்டுரை எழுதப் போறாரு. மந்திரி ஆபீஸ்ல இருந்து இன்னிக்கு ரெண்டு போன். கொக்கி க்ரூஷோடதுன்னா கீழ்த்தளத்துல ஒரு ஆணியக்கூட யாரும் புடுங்க முடியாது. காப்பிக்கடை கிடையாது. உங்க ரூம் உங்களுக்கே."

"எழுதிக் குடுப்பியா?"

"என்ன சமையலம்மா, என்மேல நம்பிக்கை இல்லையா?"

"உன்னை நாலு வயசுல இருந்து தெரியும். சாப்பிட்டுட்டேன்னு சொல்லிட்டு குழம்பைப் பூந்தொட்டியில ஊத்தினவன் நீ."

எழுதிக் கொடுக்கவில்லை. ஆயினும் லிபுஷெ வாய்மூடியிருந்தார். பொய் சொல்லும்படி எவரும் அவரைக் கேட்கவில்லை. உண்மை சொல்லும்படியும் கேட்கவில்லை. ஏழாவது மாடிக்கும் நெல்லிச் செடிக்கும் இடையில் ஒரு மௌனந்தான் குறுக்கே நின்றது என்றால், அது பெரிய விலையன்று என்று அவர் முடிவு செய்தார். அவரைக் குறைகூற எனக்கு உரிமை இல்லை. பரிசாக எதுவும் கிடைக்காமலே நான் வாய்மூடியிருந்தேன்.

கட்டுரை குளிர்காலத்தில் வெளியாயிற்று. நகராட்சி இதழ் அதை மொழிபெயர்த்து வெளியிட்டது. நான்கே வண்ணங்களில் தம்மைச் சிறைப்படுத்திக்கொண்ட க்ரூஷின் துறவு மனப்பான்மையை டெக்கர் போற்றியிருந்தார். வட்டங்கள் அனைத்தும் மூன்றே அளவுகளில் அமைந்திருப்பதில் மறைபொருளான கணிதம் ஒன்றைக் கண்டிருந்தார். அது ஜாடித் தொழிற்சாலையின் கணிதம். பத்தொன்பதாம் கொக்கிக்கு மட்டும் கட்டுரையில் நான்கு பக்கங்கள் ஒதுக்கியிருந்தார். அங்கே பழுப்பு நிறத்தில் ஓர் அரைவட்டம், அதில் ஒரு கரும்புள்ளி, வேறொன்றும் இல்லை. 'பொருளின் பாரம் அனைத்தையும் உதறிவிட்டுத் தன்னில் தான் நிறைந்த வடிவம்' என்று எழுதியிருந்தார்.

பத்தொன்பதாம் கொக்கி ராடெக் ஹோலுபுடையது. அது முள்ளெலி. சதகுப்பைக் குழம்பை உண்ண மறுத்த ஹோலுபைத் தட்டு காலியாகும்வரை கீழே கொக்கியருகில் உட்காரவைப்பது வழக்கம். அவ்வாறு உட்கார்ந்திருந்த நாள்களில், கரண்டிக் காம்பால் அவர் முள்ளெலியின் முட்களை ஒவ்வொன்றாகச் சுரண்டித் தீர்த்தார். தன்னில் தான் நிறைந்த வடிவம் உருவான வரலாறு இதுவே.

மதுக்கடையில் அந்தக் கட்டுரையைத் தீயணைப்புப் படைத் தலைவர் ஹாவெல் உரக்கப் படித்தார். சிரித்துச் சிரித்து ஒருவர் பீரை மேசையில் கொட்டினார். ஆனால் ஒருவரும் டெக்கருக்குக் கடிதம் எழுதவில்லை. மந்திரி அலுவலகத்துக்கும் சொல்லவில்லை. ஊர் முழுவதும் ஒன்றை அறிந்திருந்தும் ஒருவரும் வாய்திறவாதிருப்பது எங்களுக்கு நாற்பது ஆண்டுகள் பயிற்சியுள்ள கலை. க்ரூஷின் கலையைவிட அதில் நாங்கள் கைதேர்ந்தவர்கள்.

கோடை முடிவில் இரண்டாவது கடிதம் வந்தது. டெக்கரின் பரிந்துரைப்படி கீழ்த்தளம் முழுவதும் பாதுகாக்கப்பட்ட கலைச்சின்னமாக அறிவிக்கப்படுகிறது. கொக்கி வரிசை இருந்தவாறே இருக்கும். அதையடுத்த காவலாளி அறைகள் 1931ஆம் ஆண்டின் தூய நிலைக்கு மீட்கப்படும். தற்போதைய குடியிருப்பாளர் நவம்பர் மாத இறுதிக்குள் வெளியேற வேண்டும். கையொப்பம் அதே ஹோலுப்.

லிபுஷெ கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் அலுவலகத்துக்குப் போனார். இயக்குநர், உருளைக்கிழங்கு சாலடும் முட்டையும் அடுக்கிய ரொட்டித் துண்டு ஒன்றை அப்போதுதான் வாயருகே கொண்டுபோயிருந்தார்.

"தூய நிலைன்னா என்ன டைரக்டர் சார்?"

"அதாவது... க்ரூஷ் கட்டின மாதிரி. ஒண்ணுமே இல்லாம."

"க்ரூஷ் அதைக் காவக்காரன் குடியிருக்கத்தானே கட்டினாரு?"

"ஆமா."

"நான் குடியிருக்கேன்."

ஹோலுப் ரொட்டியைக் கீழே வைத்தார். "என் கையில என்ன இருக்கு சமையலம்மா? டாக்டர் டெக்கர் விருப்பம். உங்க திரை, உங்க அடுப்பு, அந்த ஜாடி... அதெல்லாம் அந்த இடத்தோட ஒட்டலைன்னு எழுதியிருக்காரு. ஏழாவது மாடியில பால்கனி இருக்கு. காத்து வரும்."

"காத்து வேணும்னு யாரு அழுதா? வாயை மூடிட்டு இருந்தா ரூம் எனக்குன்னு சொன்னியே."

"சொன்னேன். அப்ப நெலைமை வேற." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இப்ப போய் நீங்க வரைஞ்சதுன்னு சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்க. ஒரு சமையக்காரி பேச்சுக்கும் டாக்டர் கட்டுரைக்கும் எது பெருசு, நீங்களே சொல்லுங்க."

லிபுஷெ கடிதத்தை மடித்துக்கொண்டார். "சாப்பிடு. முட்டை வறண்டுபோகுது" என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

கொக்கி வரிசையைக் கலைச்சின்னமாகக் காட்சிக்கு வைக்கும் திறப்பு விழா நவம்பர் பதினான்காம் நாள். மழையும் பனியும் கலந்து வீசிக்கொண்டிருந்தது. முன்கூடத்தில் இருந்த பெரிய கோட் மாட்டியை இரண்டு நாளுக்கு முன்னரே அப்புறப்படுத்தியிருந்தார்கள். அது 1960க்குப் பிற்பட்டது, தூய நிலைக்கு ஒவ்வாதது என்று டெக்கர் கருதியிருந்தார். முப்பது பேர் நனைந்த கோட்டுடன் வரும்போது எங்கே மாட்டுவார்கள் என்று எவரும் கருதவில்லை. அதைக் கருதவேண்டிய ஊழியர் ஒருவர் இருந்தார்.

"டைரக்டர் சார், கோட்டெல்லாம் கீழ மாட்டச் சொல்லட்டுமா?" என்று கேட்டார் லிபுஷெ.

கழுத்துப்பட்டையைச் சரிசெய்தபடி, தொலைபேசியில் மந்திரி அலுவலகத்துடன் பேசிக்கொண்டிருந்த ஹோலுப், "செய்யுங்க, செய்யுங்க, எதையாவது செய்யுங்க" என்று கையசைத்தார்.

விருந்தினர் வந்தார்கள். லிபுஷெ ஒவ்வொருவருக்கும் செருப்பைக் கொடுத்து, "கோட்டு கீழ" என்றார். அவ்வளவுதான். நாற்பது வயதைத் தாண்டியவரும் அந்தக் குரலை மீறமாட்டார். நாங்கள் வரிசையாகப் படியிறங்கினோம். கீழே டெக்கர் கையில் மடித்த தாள்களுடன் நின்றுகொண்டிருந்தார். விழாவின் முதல் உரையை அந்த இடத்திலேயே நிகழ்த்துவது அவர் ஏற்பாடு.

கொக்கிகள் எங்கள் இடுப்பளவுதான் இருந்தன. மேயர் அம்மா, மாவட்ட அதிகாரியிடம் சாலைப் பழுதைப் பற்றி முறையிட்டபடியே, பார்க்காமல் குனிந்து வாத்தின்கீழ்க் கோட்டை மாட்டினார். மருந்துக் கடைக்காரர் குடைக்குப் போனார். இதை எழுதுகிறவன் காளானுக்குப் போனான். போய் மாட்டி நிமிர்ந்த பிறகுதான் என்ன செய்தோம் என்பது அவனுக்கு விளங்கியது. எங்களுள் ஒருவரும் தயங்கவில்லை, ஒருவரும் வரிசையில் தேடவில்லை. வெளியூர்க்காரரான மாவட்ட அதிகாரி மட்டும் கண்ணில்பட்ட கொக்கியில் மாட்டினார். பின்னால் வந்த ஹாவெல் அதை எடுத்து அவரிடமே நீட்டினார்.

"சார், இது என்னோட எடம்."

"பேர் ஒண்ணும் எழுதலையே?"

"பேர் எதுக்கு? வாளி போட்டிருக்குல்ல."

டெக்கர் தலைதூக்கிப் பார்த்தார்.

அப்போது தொலைபேசியைக் காதோடு வைத்தபடி ஹோலுப் இறங்கி வந்தார். "ஆமாங்க, உலகத்துலயே ஒண்ணுதாங்க, நேரா க்ரூஷ் கையால..." என்று சொல்லிக்கொண்டே நடந்து, பத்தொன்பதாம் கொக்கியில் கோட்டை மாட்டினார். மாட்டிவிட்டு, பேச்சை நிறுத்தாமல், அரைவட்டத்தின் விளிம்பைக் கட்டைவிரல் நகத்தால் இரண்டுமுறை சுரண்டினார்.

"இயக்குநர் அவர்களே, தாங்கள் அந்தக் கொக்கியைத் தேர்ந்தது எக்காரணத்தால்?" என்றார் டெக்கர்.

ஹோலுப் திரும்பினார். தொலைபேசியில் ஒருவர் இன்னமும் பேசிக்கொண்டிருந்தது எல்லோருக்கும் கேட்டது. "எது? இதுவா? சும்மா... காலியா இருந்துச்சு."

"அது அவனோட முள்ளெலி, டாக்டர்" என்றார் மேயர் அம்மா, செருப்பைச் சரிசெய்யக் குனிந்தவாறே. "தெனமும் அங்கதான் உக்காந்து அழுவான்." நிமிர்ந்தபோதுதான் அவர் முகம் மாறியது.

டெக்கர் வரிசையை மெல்லப் பார்த்துக்கொண்டு போனார்: வாத்தின்கீழ் மேயர், வாளியின்கீழ் தீயணைப்புத் தலைவர், குடையின்கீழ் மருந்துக் கடை, காளானின்கீழ் நான். கடைசியில், செருப்புக் கூடையுடன் படியோரம் நின்ற லிபுஷெவிடம் வந்து நின்றார்.

"இவற்றை ஆக்கியவர் யார்?" என்றார். இம்முறை விடையைத் தாமே சொல்லாமல் காத்திருந்தார்.

"நான்தான். எழுபத்து நாலு, பிப்ரவரி. ஊறுகாய் மூடி வெச்சு வட்டம் போட்டேன். எனக்குப் படம் வரைய வராது."

"நான்கே வண்ணங்கள்..."

"அவ்வளவுதான் மிஞ்சுச்சு."

டெக்கர் கையிலிருந்த தாள்களை இன்னும் ஒருமுறை மடித்து உள்பையில் வைத்துக்கொண்டார். அவரிடம் எனக்கு மதிப்புத் தோன்றியது அந்த ஒரு கணத்தில்தான். அவர் எங்களைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. மேலே சென்று தேநீர்க் குடுவையைப் பற்றி ஆறு நிமிடம் பேசிவிட்டு அமர்ந்தார். ரொட்டித் துண்டுகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வெட்கத்தால் எங்கள் ஊரில் பசி குறைந்ததாக வரலாறு இல்லை.

விருந்தினர் போன பிறகு ஹோலுப் செருப்புக் கூடையருகே வந்தார். "வேணும்னேதானே செஞ்சீங்க?"

"கேட்டுட்டுத்தானே செஞ்சேன்? எதையாவது செய்யுங்கன்னு நீதான் சொன்னே."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சமையக்காரி பேச்சை யாரு நம்புவா?"

அதற்குப்பின் நடந்தது மிக எளிது. அடுத்த இதழில் டெக்கர் ஒரே பத்தியில் தம் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கீழ்த்தளம் கலைச்சின்னப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. காப்பிக்கடைத் திட்டத்துக்கு உயிர்கொடுக்கலாம் என்று ஹோலுப் முயன்றார். பிரோடெக் என்ற பெயரைக் கேட்டாலே மந்திரி அலுவலகத்தில் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். ஆக, அந்தக் கீழ்த்தளம் கலையுமில்லை, கடையுமில்லை என்றாயிற்று. எவருக்கும் எதற்கும் பயன்படாத இடத்திலிருந்து ஒருவரை வெளியேற்றுவதற்கு நகராட்சியிடம் காரணமும் இல்லை, தாளும் இல்லை. குளிர்ப்பெட்டிக் கதவிலிருந்த இரண்டு கடிதங்களையும் லிபுஷெ முயற்கூண்டின் தரையில் விரித்தார்.

டிசம்பரில் ஒரு நாள், கைப்பிடிக் கம்பிக்கு அடிக்கும் கறுப்பு வண்ணத்தைக் கொஞ்சம் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, பத்தொன்பதாம் கொக்கியின் அரைவட்டத்தைச் சுற்றிப் பதினொரு முட்களை அவர் மீண்டும் தீட்டினார். முட்கள் கோணலாகத்தான் இருந்தன. இனி அதை முள்ளெலியன்றி வேறொன்றாகக் கருதுவதற்கு எவராலும் இயலாது.

அடுத்த ஜூனில் டெக்கர் வந்தார். நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு, மழையங்கியுடன், தனியாக. லிபுஷெ அவர் காலணியைப் பார்த்து, "சேறு" என்றார். அவர் துடைத்துக்கொண்டார். கோட்டை எங்கே மாட்டுவது என்று கேட்டார்.

"கீழ. நத்தை காலியா இருக்கு, அது கனடா போயிடுச்சு. மாட்டிட்டு நிமிந்துடுங்க. மண்டி போடாதீங்க."

சற்று நேரம் கழித்து மேலே வந்தவர், செருப்பை மாட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "அம்மையீர், பிழையாகக் கொள்ள வேண்டாம். அந்த வடிவம் முட்கள் இல்லாதபோதுதான் மேலானதாக இருந்தது."

"ராடெக்கும் அதைத்தான் சொன்னான்" என்றார் லிபுஷெ, அடுத்த சோடியை எடுத்து வைத்தபடி. "நாலு வயசுல. அன்னிக்கு இன்னும் ரெண்டு கரண்டி குழம்பு ஊத்தினேன்."